தாழ்ந்த அச்சும் உயர்ந்த கவனமும்

காசு கொடுத்துப் புதுக் கார் வாங்கி ஓட்டுவோர் உலகில் பலர். பழைய இரும்புக் குவியலிலே கிடந்த காரொன்றைக் குறைந்த விலைக்குப் பெற்று, அதனைத் தம் கையாலேயே கழற்றி, வேண்டியவற்றை மாற்றி, மீண்டும் பூட்டி, புதுக் கார்களும் நாணும்படி ஓடச் செய்வோர் சிலர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே அத்தகைய இளைஞர் கூட்டமொன்று 1930ஆம் ஆண்டுகளில் தலையெடுத்தது. அவர்கள் உருவாக்கிய கார்களுக்குப் பின்னாளில் ‘ஹொட் றொட்’ என்னும் பெயர் நிலைத்தது. 1973இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்கள், அதிலே தெருத் தெருவாக ஓடித் திரிந்த மஞ்சள் நிறக் காரை மறந்திருக்க மாட்டார்கள். அதன் மூலம் 1932ஆம் ஆண்டுப் போர்ட் கார்.

இத்தகைய கார் ஒன்று வீதியிலே வந்து நின்றால், எஞ்சினின் முழக்கத்தைக் கேட்டு வியப்பவர்களே அதிகம். குனிந்து முன் சில்லுகளுக்கு இடையே நோக்குபவர்கள் மிகச் சிலர். ஆயினும், ஓட்டுபவனின் உயிர் தங்கியிருப்பது அங்கேதான். எஞ்சின் பழுதுபட்டால் கார் நின்றுவிடும். முன் அச்சுப் பழுதுபட்டால் கார் நிற்காது. அது எங்கே போகும் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆகவே, கையிலே பணமில்லாத இளைஞர் அந்த முன் அச்சை எவ்வாறு மாற்றினர், எங்கே சிக்கனம் பிடித்தனர், எங்கே சிக்கனம் பிடித்தல் ஆகாது என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம். பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கும் இதிலே சுவையான பாடங்கள் சில உள.

காய்ந்த ஏரியும் கந்தல் காரும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடகிழக்கே மொஜாவே பாலைவனம் பரந்து கிடக்கிறது. அங்கே நீர் வற்றிய ஏரிகள் சில உண்டு. மழைநீர் வந்து வற்றிய பின்னர், அவற்றின் தரை மெழுகிய முற்றம் போலச் சமமாகிவிடும். மியூறொக், எல் மிராஜ் என்பன அவ்வாறான ஏரிகள். அங்கேதான் இளைஞர் தம் கார்களைக் கொண்டுசென்று வேகம் பார்த்தனர். 1937இல் தென் கலிபோர்னிய வேகக்கார்ச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் ஓட்டங்கள் ஒழுங்கும் விதியும் உடையனவாயின. மியூறொக் பின்னர் இராணுவத்தின் கைக்குச் சென்று, இன்று எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளமாக விளங்குகிறது. 1949இல் அதே சங்கத்தார் யூட்டா மாநிலத்திலுள்ள பொனவில் உப்பு வெளியிலே முதலாவது ஓட்ட வாரத்தை நடத்தினர்.

இவர்களுக்குக் கார் எங்கிருந்து கிடைத்தது? ஹென்றி போர்ட்டின் தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை ‘ரி’ மாதிரிக் கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தது. அதன் பின் வந்த ‘ஏ’ மாதிரி 1931 வரை விற்பனையாயிற்று. 1932இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய கார் வந்தது. அதன் கொள்ளளவு 221 கன அங்குலம். வலு 65 குதிரைவலு. சாதாரண குடும்பம் வாங்கத்தக்க விலையிலே அத்தகைய எஞ்சினை அதற்கு முன் ஒருவரும் கொடுத்ததில்லை. சில ஆண்டுகள் கழிந்ததும் இக்கார்கள் பழையனவாகி, அற்ப விலைக்கு இளைஞர் கையை அடைந்தன. ஏராளமாகச் செய்யப்பட்டமையால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

மாட்டு வண்டிலின் உறவினன்

அக்காலப் போர்ட் காரின் முன்பகுதி மிக எளிமையானது. மாட்டு வண்டிலைப் போலவே இரு சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கிறது. அது அடித்து உருவாக்கிய உருக்கினாலானது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவம் தெரியும். அச்சின் இரு நுனிகளிலும் நிலைக்குத்தான ஊசி ஒன்று செருகப்பட்டிருக்கும். இதனைக் ‘கிங் பின்’ என்பர். சில்லு இடமும் வலமும் திரும்புவது இந்த ஊசியைச் சுற்றியே.

அச்சுக்கு மேலே, அதே திசையில் குறுக்காக, ஒரேயொரு தகட்டு ஸ்பிரிங் கிடக்கும். உருக்குத் தகடுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது அது. அதன் நடுப்பகுதி காரின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். நுனிகள் இரண்டும் சிறு இணைப்புத் துண்டுகள் மூலம் அச்சிலே தொங்கும். அச்சு முன்பின்னாக அசையாதபடி கவையான கோல் ஒன்று அதனைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். கோழியின் நெஞ்சிலுள்ள கவை எலும்பின் பெயரையே அமெரிக்கர் அதற்கு இட்டனர். நாம் அதனைக் கவைக்கோல் என்போம். கவையின் இரு முனைகளும் அச்சோடு பொருந்த, இரண்டும் கூடும் பின்முனை கார் நடுவிலே ஒரு பந்துக் கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். கிராமத்துக் கொல்லனும் திருத்தத்தக்க இந்த அமைப்பைப் போர்ட் நிறுவனம் 1948 வரை கைவிடவில்லை. 1949ஆம் ஆண்டுக் காரிலேதான் சுருள் ஸ்பிரிங் பூட்டி, சில்லுகள் தனித்தனியே அசையும் அமைப்பை அது கொண்டுவந்தது.

தாழ்த்துவது எப்படி?

ஹொட் றொட் செய்பவர் முதலில் விரும்புவது காரின் முகத்தைத் தாழ்த்துவதையே. அழகு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. பாரம் தரையை நெருங்கியிருந்தால், வளைவிலே கார் சரிவது குறையும். காற்றின் எதிர்ப்பும் ஓரளவு குறையும்.

கைப்பணம் குறைந்த இளைஞனொருவனை மனத்திலே எண்ணிக்கொள்வோம். அவனுக்கு முன்னால் வழிகள் மூன்று உள.

முதலாவது, ஸ்பிரிங்கின் தகடுகளிற் சிலவற்றைக் கழற்றிவிடுவது. செலவு ஒன்றுமில்லை. கார் தாழும், ஸ்பிரிங்கும் மெதுவாகும். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் கழற்றினால், பள்ளத்தில் விழுந்ததும் சட்டம் அச்சோடு மோதும். தகட்டைத் தீச்சுவாலையால் காய்ச்சிக் கீழே அமுக்குவோரும் இருந்தனர். இது சிக்கனமன்று, அறியாமை. ஸ்பிரிங் உருக்குக்கு மீளும் தன்மையைக் கொடுப்பது அதன் பதம். காய்ச்சியதும் அப்பதம் போய்விடும். பின்னர் அது ஸ்பிரிங் அன்று, வெறும் இரும்புத் தகடே.

இரண்டாவது, பிரதான தகட்டின் கண்ணைத் திருப்புவது. அத்தகட்டின் இரு நுனிகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையம் தகட்டின் கீழே இருப்பதே வழக்கம். ஸ்பிரிங் பட்டறையார் அத்தகட்டின் வளைவை மறுபக்கமாக மாற்றிவிட்டால் வளையம் மேலே வரும். தகடு கீழே இறங்கும். இதனால் கார் ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். செலவு சிறிது, பயன் நிச்சயம்.

மூன்றாவது வழியே சிறந்தது. அச்சின் வடிவத்தையே மாற்றுவது அது. அச்சின் நுனிகளை மேலே உயர்த்தி நடுப்பகுதியைக் கீழே இறக்கினால், நடுப்பகுதியிலே தங்கியுள்ள ஸ்பிரிங்கும் சட்டமும் கூடவே இறங்கும். சில்லின் நடு முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள்: சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையேயுள்ள வெளி ஒரு நூலளவும் குறையவில்லை! ஸ்பிரிங் அசைவதற்கு முன்பிருந்த இடம் அப்படியே உண்டு. முதலிரண்டு வழிகளும் இருக்கும் இடத்தைத் தின்று காரைத் தாழ்த்துகின்றன. மூன்றாவது வழி எதையும் தின்னாமல் தாழ்த்துகிறது.

சான் டியேகோ நகரத்து எட் ஸ்டூவர்ட் என்பவர் இவ்வேலையிலே பெயர் பெற்றவர். பழைய போர்ட் அச்சின் நுனிப் பகுதியைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்துத் தாழ்த்தும் கலை அவர் போன்றோர் கையிலே வளர்ந்தது. ஆயினும், வளைக்கும்போது உருக்கு நீள்கிறது. நீண்ட இடம் மெலிகிறது. ஆகையால் இது பழகிய கைக்கே உரிய வேலை. அச்சை வெட்டி, துண்டு வைத்து, வீட்டு முற்றத்திலே வெல்டிங் செய்து தாழ்த்த முனைவது உயிரோடு விளையாடுவதாகும். காய்ச்சிய உருக்கை அவசரப்பட்டு நீரிலே தோய்ப்பதும் ஆகாது; அது கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையைப் பெற்றுவிடும்.

கவைக்கோலைப் பிளத்தல்

அச்சைத் தாழ்த்தியபின் அடுத்த இடர் வந்து நிற்கும். பழைய எஞ்சினை நீக்கிப் பெரியதொன்றைப் பூட்ட விரும்புபவனுக்கு, கார் நடுவிலே அமர்ந்திருக்கும் கவைக்கோலின் பந்து தடையாகிறது. புது எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியும் கியர்ப் பெட்டியும் அந்த இடத்தையே கேட்கின்றன. இளைஞர் கண்ட உபாயம் யாதெனில், கவைக்கோலைப் பின்முனையிலே பிளந்து, இரு கோல்களாக்கி, ஒவ்வொன்றையும் சட்டத்தின் அவ்வப் பக்கத்திலே பூட்டுவதாகும். பழைய காரொன்றின் சுக்கானிலிருந்து எடுத்த பந்து மூட்டு இரண்டும், திருகு வெட்டிய துண்டுகள் இரண்டும் இருந்தாற் போதும். செலவு மிகக் குறைவு.

ஆனால் இயந்திரவியலில் இலவசம் என்பதில்லை. கவைக்கோல் ஒரே பந்திலே தங்கியிருந்தபோது, ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் அந்தப் பந்தைச் சுற்றித் தாராளமாகச் சரியும். பிளந்தபின் கோல்கள் இரண்டும் வெவ்வேறு புள்ளிகளைச் சுற்றி அசைகின்றன. ஒரு சில்லு மட்டும் ஏறும்போது, அந்தப் பக்கத்து அச்சு நுனி சிறிது சுழல்கிறது. மற்ற நுனி சுழலவில்லை. ஆகவே நடுவிலுள்ள அச்சு, பிழியப்படும் துணி போல முறுக்கப்படுகிறது.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். தடித்த காகிதத்தைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்குங்கள். இரு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள். அது எளிதில் இணங்காது. இப்போது அதனை நீளவாட்டிலே ஒரு பக்கம் கத்தரியால் வெட்டிவிட்டு முறுக்குங்கள், தயக்கமின்றி முறுகும். மூடிய குழாய் முறுக்கத்தை எதிர்க்கும். திறந்த வடிவம் இணங்கிப் போகும். ‘ஐ’ வடிவ அச்சு திறந்த வடிவம். அதனாலேயே பிளந்த கவைக்கோலோடு அது ஆண்டுக்கணக்காக ஒத்துப்போகிறது. குழாய் அச்சோ இணங்காது. அது எதிர்க்கும் விசை முழுவதும் கோல்களின் மீதும், அவற்றைத் தாங்கும் ஒட்டுகளின் மீதும் சென்று விழும். நாளடைவில் அங்கே வெடிப்புக் காணும். குழாய் அச்சை விரும்புவோர், பக்கத்துக்கு இரண்டாக நான்கு இணைகோல்களைப் பூட்டுவதே முறை. இணைகோல்கள் ஏறி இறங்கும்போது அச்சின் நுனியைச் சுழற்றுவதில்லை. ஆகவே முறுக்கமும் இல்லை.

சாய்வுக் கணக்கு

சைக்கிளில் இரு கைகளையும் விட்டு ஓடும் பையனைக் காணாதவர் யார்? அது கவிழாமல் நேரே செல்ல உதவும் காரணங்களுள் ஒன்று, முன் கவையின் சாய்வு. கார்ச் சில்லின் ஊசியும் அவ்வாறே மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் சில்லு தானாகவே நேர்வழிக்குத் திரும்பும். இத்தகைய கார்களிலே 5 முதல் 7 பாகை வரையான சாய்வை வைப்பது வழக்கம்.

காரின் முகத்தை மட்டும் தாழ்த்துபவன் ஒன்றை மறந்துவிடுகிறான். முழுக் காரும் முன்னோக்கி 2 பாகை சரிந்தால், ஊசியின் சாய்விலே 2 பாகை குறைந்துவிடும். கவைக்கோலைப் பிளந்து பின்முனையை உயர்த்திப் பூட்டினாலும் அவ்வாறே குறையும். கோலின் நீளம் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்முனையை ஓர் அங்குலம் உயர்த்தினால், சாய்வு ஏறத்தாழ 1.6 பாகை குறைகிறது. திரிகோண கணிதம் படிக்கும் மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். இரண்டு அங்குலம் உயர்த்தியவன் 3 பாகைக்கு மேல் இழக்கிறான். அதன் பின்னர் கார் நேர் வீதியிலும் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். பட்டறையிலே கவனியாமல் விட்ட ஓர் அங்குலம், 60 மைல் வேகத்திலே வந்து கணக்குக் கேட்கும்.

சுக்கானின் சூட்சுமம்

முன் சில்லுகள் இரண்டையும் ஒரு கோல் இணைக்கிறது. அச்சைத் தாழ்த்தியபின், இந்தக் கோல் தன் பழைய உயரத்திலேயே நிற்க, கவைக்கோலும் சட்டமும் இறங்கி அதனோடு முட்ட வரும். ஆகவே சில்லோடு சேர்ந்த சுக்கான் புயங்களையும் கீழ்நோக்கி வளைத்தல் வேண்டும். சிலர் இடர் தீர்ந்தாற் போதுமென்று, இணைப்புக் கோலை அச்சின் முன்பக்கம் கொண்டுவந்துவிடுவர். இங்கேயும் ஒரு பொறி உண்டு.

வளைவிலே திரும்பும்போது உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும், வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. ஆகவே உட்பக்கச் சில்லு கூடுதலாகத் திரும்பவேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லங்கன்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். அவருக்காக ருடொல்ப் அக்கர்மன் 1818இல் இங்கிலாந்திலே காப்புரிமை பெற்றார். கண்டவர் பெயர் மறைந்து, பதிந்தவர் பெயரே இன்றுவரை அம்முறைக்கு வழங்குகிறது. பின்னோக்கியுள்ள புயங்கள் இரண்டும் சிறிது உட்புறம் சாய்ந்து, அவற்றின் கோடுகளை நீட்டினால் பின் அச்சின் நடுவை அணுகும்படி இருத்தல் வேண்டும். அப்புயங்களை அப்படியே முன்னே திருப்பினால் கணக்குத் தலைகீழாகும். ஒவ்வொரு வளைவிலும் ரயர் தரையிலே உராய்ந்து தேயும்.

இன்னொன்றும் உண்டு. 1932ஆம் ஆண்டுக் காரிலே சுக்கான் பெட்டியிலிருந்து ஒரு தண்டு பக்கவாட்டிலே முன்னோக்கிச் சென்று, சில்லின் புயத்தைத் தள்ளுகிறது. அச்சு ஏறி இறங்கும்போது கவைக்கோல் ஒரு வட்டத்திலும், இத்தண்டு இன்னொரு வட்டத்திலும் அசைகின்றன. இரண்டும் ஒத்திருந்தால் நன்று. ஒவ்வாதிருந்தால், மேட்டிலே ஏறியவுடன் சுக்கானை யாரும் தொடாமலே சில்லு திரும்பும். பிளந்த கோலின் பின்முனையைச் சுக்கான் தண்டின் பின்முனைக்கு இயன்றவரை அண்மையிலே பூட்டுவது இதற்காகவே.

சிக்கனம் எங்கே? செலவு எங்கே?

இனி நம் இளைஞனின் பணப்பையைப் பார்ப்போம். அவன் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் பல. ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றி, துரு நீக்கி, விளிம்புகளை அராவி, எண்ணெய் பூசிப் பூட்டுவது அவன் கையாலேயே ஆகும். 1948 முதல் 1952 வரை வந்த போர்ட் சிறு லொறியின் அதிர்வுதாங்கிப் பிடிகள் இக்கார்களுக்கு நன்கு பொருந்துகின்றன. பழைய இரும்புக் கடையே அவற்றின் களஞ்சியம். போர்ட் கார்களில் திரவ பிரேக் 1939இலேதான் வந்தது. அதற்கு முந்திய காரை வைத்திருப்பவன், 1939 முதல் 1948 வரையான கார்களிலிருந்து அந்தப் பிரேக்கை எடுத்துப் பூட்டுவது நெடுநாளைய வழக்கம். சில்லுகளின் நேர்மையைப் பார்க்கவும் பெரிய கருவி வேண்டியதில்லை. ரயர்களிலே வெண்கட்டியாற் கோடிட்டு, முன்புறத்து இடைவெளியையும் பின்புறத்து இடைவெளியையும் அளந்தாற் போதும். முன்புறம் மாகாணி அங்குலம் முதல் அரைக்கால் அங்குலம் வரை குறைந்திருக்கவேண்டும்.

மிச்சம் பிடிக்கலாகாத இடங்களும் உள. தேய்ந்த கிங் பின்னையும் அதன் வெண்கல உறைகளையும் மாற்றாமல் விடலாகாது. சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது எச்சரிக்கை. அத்தகைய கார் குறித்த வேகத்தை அடைந்ததும் முன் சில்லுகள் இரண்டும் வெறிபிடித்தாற்போல் அதிரும். அவ்வதிர்வை அடக்குவதற்கென்று ஒரு தாங்கியை வாங்கிப் பூட்டுவது, நோயை விட்டு நோவை மட்டும் மறைப்பதாகும். பழைய அச்சையும் சில்லுத் தண்டையும் காந்தப் பொடியிட்டு வெடிப்புப் பார்ப்பிக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோட்டினைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். அடித்துச் செய்த சுக்கான் புயத்திலே வெல்டிங் வைக்கலாகாது. மினுக்கத்துக்காகக் குரோம் முலாம் பூசுவோர், பின்னர் அப்பாகத்தை உரிய வெப்பத்திலே வைத்தெடுக்காவிடில், உருக்கினுள்ளே புகுந்த ஐதரசன் அதனை நொறுங்கச் செய்யும். காரின் எப்பகுதியும் சில்லு வளையங்களின் அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கலாகாது; ரயர் காற்றுப் போனாலும் சுக்கான் தரையிலே இடிபடாதிருப்பதற்கு இதுவே காப்பு.

ஒரு காலத்தில் ஹொட் றொட் என்றாலே ஊரார் அஞ்சினர். பொது வீதிகளிலே நடந்த பந்தயங்களும் விபத்துகளும் அதற்குக் காரணமாயின. அந்தப் பழியை நீக்கியது சட்டம் மட்டுமன்று. அவ்விளைஞரே ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கும் ஆகும். 1948 ஜனவரியில் றொபேர்ட் பீற்றர்சன் ‘ஹொட் றொட்’ சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியராக விளங்கிய வொலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். பந்தயத்தை வீதியிலிருந்து அகற்றி, தனியிடத்திலே விதிகளோடு நடத்துவதே அதன் நோக்கம். பரிசோதகர் குனிந்து முன் அச்சைப் பார்த்துத் தலையசைத்த பின்னரே கார் ஓடலாம் என்ற வழக்கம் வேரூன்றியது.

வறுமை அவ்விளைஞருக்குக் கைத்திறனைக் கொடுத்தது. கைத்திறன் அவர்களுக்குக் கணக்கைக் கற்பித்தது. பழைய பொருளை வாங்குவதிலே வெட்கமில்லை. அதனைச் சோதியாமற் பூட்டுவதிலேதான் வெட்கம் உண்டு. நம் இல்லங்களிலும் பழைய சைக்கிளையோ மோட்டார்ச் சைக்கிளையோ கழற்றிப் பூட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த அவர்களின் கைகளைப் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: “தம்பி, ஓட வைக்கிற பாகத்திலே மிச்சம் பிடி; பிடித்து நிறுத்துகிற பாகத்திலும் திருப்புகிற பாகத்திலும் மிச்சம் பிடியாதே.”